தாராவித் தெருக்களில் தனியே நடக்கும் வயது



சொந்த ஊரை விட்டு வந்து மாநகரங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், பிள்ளை ஐந்தாம் வகுப்பைக் கடந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. இனி இவனைத் தனியே பள்ளிக்கு அனுப்பலாமா? இவளைத் தனியே கடைக்கு அனுப்பலாமா? தாயும் தகப்பனும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இது ஓய்வாக உட்கார்ந்து பேசும் கேள்வியன்று. நாளைக் காலையிலேயே விடை வேண்டிய கேள்வி. இதற்கு வயதைக் கொண்டு விடை சொல்வதே வழக்கம். பத்து வயது போதும் என்பார் ஒருவர். பன்னிரண்டாவது ஆக வேண்டும் என்பார் இன்னொருவர். பெண்பிள்ளையானால் கூடவே கூடாது என்பார் மற்றொருவர்.

மும்பை தாராவியில் வசிக்கும் என் தங்கையின் வீட்டில், ஜூன் மாதம் பள்ளி திறந்த நாட்களில் இக்கேள்வி எழுந்தது. அப்பொழுது நானும் அங்கே தங்கியிருந்தேன். அவளுடைய மூத்த மகளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு தொடங்குகிறாள். அதுவரை அவளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் பாட்டி. முழங்கால் வலி மிகுந்து, அவர் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். தங்கையோ காலை ஆறரை மணிக்கெல்லாம் வேலைக்குப் புறப்பட வேண்டியவள். வேலையை விடுவதா, பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்பதே வீட்டில் பேச்சாயிருந்தது.

"அவளுக்குப் பதினொண்ணு ஆயிட்டு அக்கா, போயிருவாதான். ஆனா மனசு கேக்க மாட்டேங்கு" என்றாள் தங்கை.

வயதை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இப்பேச்சு முடிவுக்கு வராது என்று கண்டு, அவள் தன் விடுப்பில் நான்கு நாட்கள் எடுத்தாள். பிள்ளையை முன்னே விட்டு, அந்த வழியை நாங்கள் இருவரும் நடந்து பார்த்தோம். அந்த நடையில் கண்டவற்றையும், அவற்றின் வழியாக எட்டிய முடிவையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு இருப்புப்பாதைகளுக்கு நடுவே

தாராவியைப் பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். மேற்கே மேற்கு இரயில்வேயின் பாதையும் மாஹிம் நிலையமும். கிழக்கே மத்திய இரயில்வேயின் பாதையும் சயான் நிலையமும். வடக்கே மாஹிம் கழிமுகத்தைச் சேரும் மித்தி ஆறு. இவற்றுக்கு நடுவே, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் பல இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். ஆதியில் இங்கிருந்தவர்கள் கோலி மீனவர்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் குடியேறினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வரத் தொடங்கிவிட்டனர்.

பள்ளி, மளிகை, மருத்துவர், டியூஷன் வகுப்பு என்று பிள்ளைக்கு வேண்டிய யாவும் இங்கே நடக்கும் தொலைவிலேயே உள்ளன. தங்கை வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிள்ளையின் நடையில் பதினைந்து நிமிடம். ஆகையால் நடப்பதா வேண்டாமா என்பதன்று கேள்வி. யாருடன் நடப்பது என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சட்டமும் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வருவதை எண்ணித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர் நடை தொலைவுக்குள்ளும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஆறாம் வகுப்பில் பிள்ளையின் நடை எல்லை மூன்று மடங்காக விரிகிறது என்பதைக் கவனியுங்கள். அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை போன்ற அபாயங்கள் வழியில் இருக்குமானால், அந்தத் தொலைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொலைவை மட்டும் அளந்தால் போதாது, வழியையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

சந்துக்குள்ளே

முதல் ஐந்து நிமிட நடை சந்துக்குள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்க வேண்டிய அகலம். தலைக்கு மேல் மின்கம்பிகள். காலுக்குக் கீழே சாக்கடையை மூடிய கற்பலகைகள். வாசல்தோறும் தண்ணீர்ப் பீப்பாய்கள். புதிதாக வருபவருக்கு அச்சம் தரும் இடம் இதுதான். தங்கையின் கணவரும் சந்தைத்தான் முதலில் குறையாகச் சொன்னார்.

ஆனால் பிள்ளையின் பின்னே நடந்தபோது நாங்கள் கண்டது வேறு. அதிகாலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் ஏற்றி அனுப்பும் வீட்டு வாசலில் இருந்த ஆச்சி, "என்ன பிள்ள, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்டார். தையல் கூடத்துப் பீகார் இளைஞர்கள் வழி விட்டனர். மூலைக்கடைக்காரர் அவளைப் பேர் சொல்லி அழைத்து, அம்மா வாங்க மறந்த தீப்பெட்டியை நினைவூட்டினார். ஐந்து நிமிடத்தில் ஏழு பேர் அவளைக் கண்டு ஏதாவது பேசினார்கள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நகரங்களைப் பற்றிய நூலில், தெருவைக் காப்பது காவலர்கள் மட்டுமல்லர், வாசலிலும் கடையிலும் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண மக்களின் கண்களே என்று விளக்கினார். அவர் கண்டது நியூயார்க் நகரத்துத் தெருக்களை. தாராவிச் சந்துக்கும் அது பொருந்துகிறது. அகலமான, அழகான, ஆளில்லாத சாலையைக் காட்டிலும், குறுகலான, ஆனால் பிள்ளையை அறிந்த சந்து பாதுகாப்பானது. இதை முதல் நாளே நாங்கள் குறித்துக்கொண்டோம்.

90 அடிச் சாலையைக் கடத்தல்

சந்து முடிந்து 90 அடிச் சாலையில் கால் வைத்ததும் எல்லாம் மாறுகிறது. நடைபாதையில் கடைச் சரக்குகள், ஓரத்தில் நிறுத்திய டெம்போக்கள், அவற்றுக்கிடையே கைவண்டிகள், எத்திசையிலிருந்தும் நுழையும் இரு சக்கர வாகனங்கள். வழியின் உண்மையான அபாயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் இரவெல்லாம் பேசியது சந்தைப் பற்றி. ஆனால் அஞ்ச வேண்டியது இந்தச் சாலையைக் கடக்கும் இருபது அடிகளைப் பற்றி.

பிள்ளைகள் சாலையில் தவறுவது கீழ்ப்படியாமையால் மட்டுமன்று. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டினா சாண்டல்ஸ் 1960களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். சிறு பிள்ளைக்கு உயரம் போதாது. நிறுத்திய வண்டிக்கு அப்பால் தெரியாது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம். ஒன்றில் மனம் சென்றால் மற்றதை மறந்துவிடும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் போக்குவரத்தைச் சமாளிக்கும் முதிர்ச்சியை எதிர்பார்ப்பது தகாது என்பது அவர் முடிவு. 2011இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால் மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கிவரும் வாகனத்தைச் சரியாக உணர முடிவதில்லை என்று காட்டியது. வண்டி வருவது கண்ணில் படும். அது நெருங்குவது மனதில் படாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம், பெரியவர் துணையின்றிப் பள்ளிக்கு நடக்க ஏறத்தாழ பத்து வயது ஆக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதும் இத்தகைய காரணங்களால்தான். பத்து என்பது கதவு திறக்கும் வயது. உள்ளே நுழையத் தகுதி வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்றாகாது.

இரண்டாம் நாள், "பெரியம்மா, நான் முன்னால போறேன். நீங்க பேசாம வாங்க" என்றாள் பிள்ளை. நாங்கள் பத்தடி பின்னே நின்றோம். நிறுத்திய டெம்போ ஒன்றின் அருகே வந்தாள், வலப்புறம் பார்த்தாள், இடப்புறம் பார்த்தாள், அடியெடுத்து வைத்தாள். டெம்போவின் மறைவிலிருந்து எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவள் பின்வாங்கிவிட்டாள், தீங்கு ஒன்றும் நேரவில்லை. தங்கையின் முகம் மட்டும் வெளுத்தது.

அன்று கடக்கும் இடத்தை மாற்றினோம். ஐம்பது அடி தள்ளி, மருந்துக்கடைக்கு எதிரே, இருபுறமும் பார்வை மறையாத ஓரிடம் இருந்தது. இனி எந்த அவசரமானாலும் அங்கே மட்டுமே கடக்க வேண்டும் என்று விதித்தோம். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால் அருகிலுள்ள வண்டி வலப்புறத்திலிருந்து வரும். ஆகவே வலம், இடம், மீண்டும் வலம் என்று பார்ப்பது பாடம். ஆனால் விதியை மீறி வரும் வண்டிகள் உள்ள சாலையில், கடந்து முடியும் வரை இருபுறமும் பார்க்க வேண்டும். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். சாலையின் நடுவில் பொருள் விழுந்தால் எடுக்கத் திரும்பக் கூடாது. இவற்றை ஒரே நாளில் சொல்லி முடிக்காமல், நாளுக்கு ஒன்றாகச் சொன்னோம்.

குயவர் தெருவின் மூலை

90 அடிச் சாலையும் 60 அடிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் கும்பார்வாடா இருக்கிறது. சூளைப் புகை வீச்சமும், வெயிலில் அடுக்கிய பானைகளும், தீபாவளிக்கு முன் ஆயிரக்கணக்கில் குவியும் அகல்களும் எந்தப் பிள்ளையையும் நிறுத்திவிடும். எங்கள் பிள்ளையும் நின்றாள். அங்கே அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். இருவரும் பேசத் தொடங்கினர், நேரம் போயிற்று.

பிள்ளை தனியே செல்லும்போது எப்படி நடக்கிறாள் என்பது ஒரு சோதனை. தோழியுடன் செல்லும்போது எப்படி நடக்கிறாள் என்பது வேறொரு சோதனை. கூட்டாகச் செல்வது நல்லது என்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது மெய்யே. ஆனால் கூட்டத்தில் ஒருத்தி ஓடினால் மற்றவளும் பார்க்காமல் ஓடுவாள். ஆகையால் மூன்றாம் நாள் தோழியையும் சேர்த்து நடக்கவிட்டு, பின்னே நின்று கவனித்தோம். கடக்கும் இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவளே தோழிக்குச் சொன்னாள். அதைக் கேட்ட பின்புதான் தங்கைக்கு நெஞ்சில் நம்பிக்கை பிறந்தது.

எல்லைக்கோடு எங்கே?

பள்ளிக்கு அப்பால் சாலை சயான் நிலையத்தை நோக்கிச் செல்கிறது. டியூஷன் ஆசிரியை ஒருவர் இருப்புப்பாதைக்குக் கிழக்கே இருக்கிறார். "அங்கேயும் நானே போயிருவேன்மா" என்றாள் பிள்ளை. நான்காம் நாள் அவ்வழியையும் பார்த்தோம்.

சயானில் இரயில் பாதைக்கு மேலே, ஆங்கிலேயர் காலத்தில் 1912இல் கட்டிய சாலை மேம்பாலம் ஒன்று இருந்தது. அது பழுதடைந்ததால் 2024 ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களுக்கு மூடப்பட்டு, இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கியது. அதனால் தாராவியைச் சுற்றியுள்ள சாலைகளில் நெரிசல் கூடிற்று. பாலம் கண்ணில் படாத அவசரக்காரருக்கோ தண்டவாளம் குறுக்கு வழியாகத் தெரியும். மும்பைப் புறநகர் இரயில் பாதைகளில் 2023இல் மட்டும் 2,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களே அவர்களில் மிகப் பெரிய பிரிவினர். பாதையில் அத்துமீறி இறங்குவது 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றமுமாகும். நடைமேம்பாலம் இருந்தாலும், மாலை நெரிசலில் பெரியவர்களின் தோள்களுக்கிடையே பதினொரு வயதுப் பிள்ளை சிக்கிக்கொள்வாள்.

இந்த வழிக்கு அவள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அன்றே தீர்ந்தது. பள்ளி வழிக்கு ஆயத்தமான அதே பிள்ளை, டியூஷன் வழிக்கு ஆயத்தமாகவில்லை. வயது ஒன்றே, வழி வேறு. பிரியமானவர்களே, எங்கள் நான்கு நாள் நடையின் சாரம் இதுதான். "என் பிள்ளை தனியே நடக்கலாமா?" என்று கேளாதீர்கள். "என் பிள்ளை இந்த வழியில், இந்த நேரத்தில் தனியே நடக்கலாமா?" என்று கேளுங்கள்.

"நாங்கள் நடக்கவில்லையா?"

ஊரிலிருந்து வந்த நாம் எல்லோரும் சொல்லும் வாக்கு ஒன்று உண்டு. "நாங்கள் இரண்டாம் வகுப்பிலேயே இரண்டு மைல் நடக்கவில்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைகளைத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்" என்று அலைபேசியில் பாட்டியும் சொன்னார். அதில் உண்மை இல்லாமலில்லை. இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் 1971இல் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990இல் அது வெறும் 9 ஆகக் குறைந்தது. சாலை பாதுகாப்பாகி விட்டதால் விபத்து குறையவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து விலக்கிவிட்டதால் குறைந்தது என்று அக்கணக்கை எடுத்த மேயர் ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினர். பிள்ளையின் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தே அந்தப் பாதுகாப்பு வாங்கப்பட்டது.

ஆயினும் நாம் ஊரில் நடந்த நடையை நன்றாக எண்ணிப் பாருங்கள். நாம் தனியே நடந்தோமா? மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் கூட்டமாகப் போனோம். பெரிய வகுப்பு அக்காமார் உடன் வந்தார்கள். வழியில் எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தாலும் "இது இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று அறிந்திருந்தார்கள். சாலையில் மணிக்கு ஒரு பேருந்து வந்தது. ஆகவே ஊர் நடையை நகரத்துக்குக் கொண்டுவர விரும்பினால், நடையை மட்டும் கொண்டுவந்தால் போதாது. அந்தக் கூட்டத்தையும் திண்ணையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். தாராவிச் சந்தில் அது ஓரளவு இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் அதை முயன்று உண்டாக்க வேண்டும்.

மனிதரைப் பற்றிய அச்சம்

"வண்டியை விட மனுசங்களைத்தான் பயப்படுதேன்" என்று தங்கை ஒரு நாள் இரவு சொன்னாள். ஒவ்வொரு தாயின் உள்ளத்திலும் இருப்பது இதுவே. அந்நியரிடம் பேசாதே, கொடுத்ததை வாங்காதே என்று நாம் கற்பிக்கிறோம். நல்லதுதான். ஆனால் போக்சோ சட்ட வழக்குகளைப் பற்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவராயிருக்கிறார். ஆகவே அந்நியருக்கு அஞ்சு என்ற பாடம் பாதிப் பாடமே.

எங்கள் பிள்ளைக்குச் சொன்ன விதி வேறு: "தெரிந்தவரோ தெரியாதவரோ, யார் கூப்பிட்டாலும் வழியை மாற்றாதே. அம்மா வரச்சொன்னாள் என்று ஒருவர் சொன்னால், நாம் மூவரும் மட்டும் அறிந்த சொல்லைக் கேள். சொல்லத் தெரியாவிட்டால் உடன் போகாதே. யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்கு ஓடாதே. ஆட்கள் இருக்கும் கடைக்குள் போ. என்ன நடந்தாலும் அம்மாவிடம் சொல், உன்னை ஏசமாட்டேன்." இந்தக் கடைசி வாக்கே எல்லாவற்றிலும் பெரியது. ஏச்சுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளை, தனியே நடக்க இன்னும் ஆயத்தமான பிள்ளையன்று. அந்தக் குறை பிள்ளையினுடையதும் அன்று.

அம்மா, அப்பா இருவரின் எண்களையும் மனப்பாடமாகச் சொல்லச் செய்தோம். 1098 என்ற எண்ணையும் சேர்த்துக்கொண்டோம். 1996இல் மும்பையிலேயே தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது. இப்பொழுது அரசின் பொறுப்பில், 112 என்ற அவசர எண்ணுடன் இணைந்து நாடெங்கும் இயங்குகிறது. கட்டணமில்லை, பிள்ளையே அழைக்கலாம்.

மழைக்காலம்

மும்பையில் பள்ளி திறப்பதும் பருவமழை தொடங்குவதும் ஒரே காலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகி, அதன் கரையிலுள்ள பகுதிகள் மூழ்கின. அன்று பள்ளியிலேயே இரவு தங்கிய பிள்ளைகள் பலர். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த பெருமழையில், வீட்டுக்கு நடந்த ஒரு மூத்த மருத்துவர், நீருக்கடியில் திறந்திருந்த பாதாளச் சாக்கடைக் குழியில் விழுந்து இறந்தார். படித்த, ஊரறிந்த பெரியவருக்கே அப்படி நேர்ந்ததென்றால், பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஆகவே மழைக்கென்று தனி விதி வேண்டும். தரை தெரியாத நீரில் கால் வைக்கக் கூடாது. மழை வலுத்தால் பள்ளியை விட்டுப் புறப்படக் கூடாது; எவ்வளவு நேரமானாலும் வீட்டார் வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். இதை வகுப்பாசிரியையிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தாள் தங்கை.

பெண்பிள்ளை என்பதால்

தங்கையின் கணவர் நல்லவர், மகளிடம் உயிராயிருப்பவர். அவர் சொன்னது இது: "இந்த வருஷம் வேணும்னா போகட்டும் மதினி. பெரிய பிள்ளை ஆயிட்டா அப்புறம் எப்படி அனுப்ப?"

நம் வீடுகளில் நெடுங்காலமாக நடப்பது இதுதான். ஆண்பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வயதில் உலகம் விரிகிறது. பெண்பிள்ளைக்கு அதே வயதில் சுருங்குகிறது. சாலையைக் கடக்கவும், மனிதரை எடைபோடவும், நேரத்தைக் கணக்கிடவும் அவள் அறிவு முதிரும் அதே ஆண்டில் அவளை வீட்டுக்குள் வைக்கிறோம். பிறகு பதினெட்டாம் வயதில் கல்லூரிக்கென்று நெரிசல் மிகுந்த மின்சார இரயிலில் ஒரே நாளில் ஏற்றிவிடுகிறோம். நடக்கக் கற்றுத்தராமல் ஓடச் சொல்வது நியாயமா? பதினொன்றிலும் பன்னிரண்டிலும், பெற்றோர் பின்னே நிற்கும் காலத்திலேயே, அறிந்த தெருவில் கற்றுக்கொள்வதுதான் அவளுக்குக் காவல்.

இதை அவரிடம் வாதமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரையே பிள்ளையின் பின்னே பத்தடி தள்ளி நடந்து வரும்படி கேட்டுக்கொண்டோம். திரும்பி வந்தவர், "ரோட்டைக் கடக்கிறதுல என்னை விட அவ நிதானம்" என்று மட்டும் சொன்னார். மேலும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அது நியாயமான சொல்லாகவே எங்களுக்குப் பட்டது.

செய்த முடிவு

அந்த வீட்டில் செய்த ஏற்பாட்டை அப்படியே தருகிறேன். முதல் இரண்டு வாரம், தங்கை பின்னே நடப்பது. அதற்காக வேலையிடத்தில் அரைமணி நேரம் தள்ளி வர அனுமதி பெற்றாள். அடுத்த இரண்டு வாரம், சாலையைக் கடக்கும் வரை மட்டும் உடன் செல்வது. ஐந்தாம் வாரம் முதல், அதே சந்தின் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து செல்வது. பள்ளியை அடைந்ததும் வாயிற்காவலரின் அனுமதியோடு அம்மாவுக்கு ஓர் அழைப்பு. சந்து ஆச்சியிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிவைப்பது. இருட்டிய பின் தனியே செல்வதில்லை. சயான் பக்கத்து டியூஷனுக்கு இந்த ஆண்டு தனியே செல்வதில்லை.

நீங்களும் முடிவெடுக்குமுன் இந்த ஐந்தையும் சிந்தித்துப் பாருங்கள்.

1. கடக்க வேண்டிய சாலையை, நீங்கள் பேசாமல் பின்னே நிற்க, அவள் பத்து முறை தவறாமல் கடந்தாளா?

2. வழி அடைபட்டால், மழை வந்தால், தோழி வராவிட்டால் என்ன செய்வாள் என்று அவள் வாயாலேயே சொல்கிறாளா?

3. வழியில் நுழைந்து உதவி கேட்கத் தக்க மூன்று இடங்களை அவளால் காட்ட முடிகிறதா?

4. தவறு நேர்ந்தால் மறைக்காமல் உங்களிடம் சொல்கிறாளா?

5. அவளே போக விரும்புகிறாளா? அஞ்சும் பிள்ளையை நம் வசதிக்காகத் தள்ளிவிடலாகாது.

ஐந்தில் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் மனம் தளர வேண்டாம். அந்த ஒன்றைக் கற்பிக்கும்வரை உடன் நடங்கள். வேலை நேரம் இடங்கொடாவிட்டால், உங்கள் தெருவிலேயே அதே பள்ளிக்குச் செல்லும் இன்னும் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய தாய்மாரோடு பேசி, நாளுக்கு ஒருவராக முறைவைத்து அழைத்துச் செல்லலாம்.

இறுதியாக ஒன்று. தாராவி இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடுவீடாகக் கணக்கெடுக்கும் பணி 2024 மார்ச்சில் தொடங்கிற்று. சந்துகள் மறைந்து அடுக்குமாடிகள் எழும்போது சாலை அகலமாகலாம், நடைபாதையும் வரலாம். ஆனால் ஆச்சியின் வாசல் ஏழாம் மாடிக்குப் போய்விடும். மும்பையில் மட்டுமன்று, பெங்களூரிலும் டில்லியிலும் புனேயிலும் வாடகை வீடு மாறும் நம் குடும்பங்களுக்கு இது பொதுவான அனுபவம். பிள்ளை பெற்ற அனுமதி அந்த வழிக்கு உரியது. வீடு மாறினாலும், பள்ளி மாறினாலும், பாலம் ஒன்று மூடப்பட்டாலும், அவளுக்குப் பதினான்கு வயதே ஆகியிருந்தாலும், புதிய வழியில் மீண்டும் பத்தடி பின்னே நடக்கத் தொடங்குங்கள்.